ஐந்தாம் தேதி கையில் என்ன மிச்சம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1992-ல் நீங்கள் அரசு வேலையில் சேர்ந்தபோது சம்பளம் 2,100 ரூபாய். அதில் மாதம் 500 ரூபாய் மிச்சம் பிடித்தீர்கள். உங்கள் மகனுக்கு இப்போது 26 வயது, சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, கைக்கு 45 ஆயிரம் வருகிறது. ஆனால் இருபதாம் தேதி தாண்டினால் உங்களுக்கே போன் செய்து இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கிறான். ‘இந்தத் தலைமுறைக்குச் செலவைக் கட்டுப்படுத்தவே தெரியாதா?’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இன்றைய இளையவர்கள் நம்மைவிட வேறு மாதிரி செலவு செய்கிறார்களா என்பது ஒன்று. மகனை நினைத்து நான் பயப்பட வேண்டுமா என்பது இன்னொன்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதற்கு வர முடியும் என்பதால் வரிசையாகவே போகிறேன்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் மதுரைப் பக்கம் கிளைகளில் கடன் பிரிவில் இருந்தேன். கல்விக் கடன், நகைக் கடன், தனிநபர் கடன் என்று என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள். ஓய்வுக்குப் பிறகும் தெரிந்தவர்களின் பிள்ளைகள் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆக, நான் சொல்வது சம்பளக்காரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் பார்த்துச் சொல்வது. கடன் கேட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், கடனே வாங்காத பிள்ளைகள் என் மேசைக்கு வந்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்வோம். இன்றைய 26 வயது மகனை, இன்றைய 58 வயது உங்களோடு ஒப்பிடக் கூடாது. உங்களுக்கு இப்போது வீடு கட்டி முடிந்தாயிற்று, பிள்ளை படிப்பு முடிந்தாயிற்று, ஆசைகளும் குறைந்திருக்கும். ஒப்பிட வேண்டியது 26 வயதில் இருந்த உங்களோடு. அதிலும் நினைவை நம்பாமல் கணக்கை வைத்து ஒப்பிட வேண்டும். பிற்பாடு வந்த பொறுப்பை எல்லாம் இளமையிலேயே இருந்ததாக நினைத்துக்கொள்வது மனித இயல்பு. நல்ல வேளையாக என்னிடம் என் வரவு செலவு நோட்டு இருக்கிறது. 1988 மே மாதப் பக்கத்தை இப்போது விரித்து வைத்திருக்கிறேன். வயது 24, திண்டுக்கல்லில் கிளார்க். கையில் வாங்கியது 1,840 ரூபாய். வீட்டுக்கு அனுப்பியது 500, வாடகையில் என் பங்கு 300, மளிகை 280, ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) 200, சீட்டு 100, பணியாளர் கூட்டுறவு சங்கத்துக்கு 90, பால் 75, பஸ் 60, எல்ஐசி 54. மிச்சம் 181 ரூபாயில் காய்கறி, தபால், சோப்பு எல்லாம். ‘ஓட்டல்’ என்று ஒரே ஒரு வரி, 11 ரூபாய் 50 காசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை பார்த்த தோழியோடு போய்ச் சாப்பிட்டது, அது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எவ்வளவு கட்டுப்பாடான பெண் என்று தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் தோன்றியது. பிறகு ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தேன்: அந்த மாதம் இன்னும் 500 ரூபாய் கையில் இருந்திருந்தால் எதில் செலவு செய்திருப்பேன்? எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடை, ஒரு பால்காரர். துணி எடுப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அன்று தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், பேர்பெற்ற ஸ்கூட்டருக்கும் அப்படித்தான். எனக்கு யாரும் கடன் தரத் தயாராக இல்லை. சங்கத்தில் கடன் வேண்டுமென்றால் உடன் வேலை பார்க்கும் இருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் ஆபீஸ் முழுக்கச் செய்தி பரவிவிடும். ஆக, என் சிக்கனத்தில் என் குணத்தின் பங்கு எவ்வளவு, செலவு செய்ய வழியே இல்லாததன் பங்கு எவ்வளவு என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் 500 ரூபாய்க்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, அன்று சேமித்தால் பணம் வளர்வது கண்ணுக்குத் தெரிந்தது. 1988-ல் அறிமுகமான கிசான் விகாஸ் பத்திரத்தில் போட்ட பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பானது. பிபிஎஃப் என்ற நீண்டகாலச் சேமிப்புக் கணக்குக்கு 1986 முதல் 2000 தொடக்கம் வரை 12 சதவீத வட்டி. இன்று அதே பத்திரம் இரட்டிப்பாக 115 மாதம், அதாவது ஒன்பது ஆண்டும் ஏழு மாதமும் ஆகிறது. பிபிஎஃப் வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதம். அன்று விலைவாசியும் வேகமாக ஏறியது, ஆகவே கையில் நின்ற உண்மையான லாபம் அந்த 12 சதவீதம் காட்டும் அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தபால் ஆபீஸில் ஐயாயிரம் போட்டு, பிள்ளை பள்ளியில் சேரும்போது பத்தாயிரமாக எடுத்த அனுபவம் ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தது. உங்கள் மகனுக்கு அந்த அனுபவமே கிடைத்ததில்லை.

இனி இன்றைய பக்கம். போன ஆண்டு ஒரு பையன் வந்தான். 27 வயது, சென்னையில் வேலை, கைக்கு 42,300 ரூபாய். அவனுடைய அம்மாவும் நீங்கள் எழுதியதைத்தான் சொன்னார்: ‘பணம் எங்க போகுதுன்னே தெரியலம்மா, ஆன்லைன்ல வாங்கியே அழிக்கிறான்.’ ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னேன். ஒரு மாதத்துக்குப் பதினோரு பக்கம். யுபிஐ வந்த பிறகு எல்லா ஸ்டேட்மென்ட்டும் இப்படித்தான், டீக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்தாலும் ஒரு வரி. அம்மா அந்தப் பதினோரு பக்கத்தையும் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார், பர்கர் எங்கே, பிரியாணி எங்கே என்று. நான் முதல் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் போனவை இவை: அறை வாடகைப் பங்கு 8,500. வீட்டுக்கு அனுப்பியது 8,000. கல்விக் கடன் தவணை 6,200. கிரெடிட் கார்டுக்கு 5,400. பைக் இஎம்ஐ 3,900. போன் இஎம்ஐ 3,000. எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது, ஓர் ஆயிரம். கூட்டினால் 36,000. மீதி 6,300 ரூபாயில் அவன் இருபத்தைந்து நாள் ஓட்ட வேண்டும். அம்மா தேடிய பிரியாணியெல்லாம் அந்த ஆறாயிரத்துக்குள்தான் இருந்தது. அதுவும் போதாமல் மீதிச் சாப்பாடு கார்டில் ஏறி, அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்காகக் காத்திருந்தது.

இப்போது என் 1988 நோட்டையும் அவன் முதல் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எனக்கும் சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் போய்விட்டது. அவனுக்கும் போய்விட்டது. ஆனால் என்னுடைய ஆர்டி, சீட்டு, எல்ஐசி மூன்றும் பிற்பாடு என்னிடமே திரும்பி வந்தன. அவனுக்குத் திரும்பி வரக்கூடியது அந்த ஓராயிரம் எஸ்ஐபி மட்டுமே. நாங்கள் இனிமேல் வரப்போகும் செலவுக்கு மாதாமாதம் கட்டினோம், அவன் முடிந்துபோன செலவுக்கு மாதாமாதம் கட்டுகிறான். இரண்டு தலைமுறைக்கும் நடுவே நான் பார்த்த பெரிய வித்தியாசம் இதுதான். எந்தப் பொருளை வாங்குகிறார்கள் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அந்த முதல் பக்கத்தில் உள்ள கடன்கள் யாருடையவை என்று கேட்டால் இன்னொரு கதை வெளிவரும். கல்விக் கடன் நம் தலைமுறையில் மிக அரிது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் 2001-ல் வந்த பிறகுதான், நான்கு லட்சம் வரை அடமானம் இல்லாமல், பெற்றோரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பரவலாகக் கொடுக்கத் தொடங்கினோம். தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு பொறியாளர் உருவானதில் அந்தக் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக நான் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் வேலையின் முதல் நாளையே கடனோடு தொடங்கினார்கள். இதற்கு நடுவில் பெரிய ஐடி நிறுவனங்களில் கல்லூரி முடித்துச் சேர்பவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை லட்சம் என்ற இடத்திலேயே பத்து ஆண்டுக்கும் மேலாக நின்றுவிட்டது. வாடகை அப்படி நிற்கவில்லை.

தனிநபர் கடன் விஷயத்தில் நான் பார்த்தது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பையன்கள் மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று கேட்டு வரும்போது காரணம் கேட்பேன். கோவா டூர், விலை உயர்ந்த போன் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களைவிட அதிகமாக நான் கேட்ட பதில்கள் ‘அக்கா கல்யாணம்’, ‘அப்பாவுக்கு ஆபரேஷன்’, ‘வீட்டில் மாடி எடுக்கிறோம்’. முன்பு அப்பா தன் பிஎஃப்பில் எடுப்பார், சங்கத்தில் வாங்குவார், அம்மாவின் நகையை அடகுக் கடையில் வைப்பார். இன்று சம்பளச் சீட்டு மகனிடம் இருக்கிறது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கி பார்க்கும் சிபில் மதிப்பெண்ணும் அவன் பெயரில் இருக்கிறது, அதனால் குடும்பத்தின் கடன் அவன் பெயரில் ஏறுகிறது. அதையும் சேர்த்து ‘இளைஞர்கள் கடனில் மூழ்குகிறார்கள்’ என்று எழுதுகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதை மகனின் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, பிள்ளைகள் மேல் தவறே இல்லையா? இருக்கிறது. அது பெரும்பாலும் கடனின் விலை தெரியாமல் கடன் வாங்குவதில் இருக்கிறது. கிரெடிட் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய் பாக்கி இருக்கும்போது ‘குறைந்தபட்சத் தொகை’ என்று பில்லில் 2,500 போட்டிருப்பார்கள். அதைக் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 1,750 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். ஆக 2,500 கட்டியதில் கடன் குறைந்தது 435 ரூபாய்தான். அந்த மாதம் புதிதாக 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டிருந்தால் கடன் கூடியிருக்கும். ஆண்டுக்கு 42 சதவீத வட்டி இது. நம் ஊரில் மீட்டர் வட்டிக்காரர் என்றால் பயப்படுகிற குடும்பத்துப் பிள்ளைகள் இதைப் பார்த்துப் பயப்படுவதில்லை, ஏனென்றால் இது வாசலில் வந்து நிற்பதில்லை.

‘வட்டியில்லா இஎம்ஐ’யும் அப்படித்தான். வட்டியில்லாத தவணை என்று ஒன்று இருக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாட்டில் வட்டி உண்டு, அதற்குச் சமமான தொகையைக் கடையோ தயாரிப்பாளரோ முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள். 36,000 ரூபாய் போனுக்கு மாதம் மூவாயிரம் வீதம் பன்னிரண்டு தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி 16 சதவீதம் வட்டி போட்டால் அந்தத் தவணைகளுக்குள் சுமார் 2,940 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. அதைக் கடை கழித்துவிடுகிறது. ஆனால் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி சுமார் 530 ரூபாயும், செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில். எழுநூறு, எண்ணூறு ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் தவணை இல்லையென்றால் அவன் 36,000 ரூபாய் போன் பக்கமே போயிருக்க மாட்டான், 18,000 ரூபாய் போனோடு திருப்தியாக வந்திருப்பான். தவணையின் உண்மையான விலை அந்த வித்தியாசம்தான்.

யுபிஐயைப் பற்றி எல்லோரும் ஒன்று சொல்கிறார்கள்: கையிலிருந்து நோட்டு போனால் வலிக்கும், ஸ்கேன் செய்தால் வலிக்காது, அதனால் செலவு கூடுகிறது என்று. 2016-ல் தொடங்கிய யுபிஐ 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது, கடைகளுக்குப் போகும் பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி 500 ரூபாய்க்கு உட்பட்டவை. இவை உறுதியான விவரங்கள். ஆனால் இதனால் மொத்தச் செலவு கூடியதா, அல்லது முன்பு கணக்கில் வராத டீக்காசு இப்போது கணக்கில் வருகிறதா என்பதில் நான் தயங்குகிறேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் இரண்டு விதத்தினரும் இருந்தார்கள். சிலருக்குச் சின்னச் செலவு கைமீறிப் போயிருந்தது. சிலர் அதே யுபிஐ பட்டியலை வைத்துத்தான் செலவைப் பிடித்தார்கள், என் நோட்டு வேலையை அது செய்தது.

நாடு முழுவதற்குமான கணக்கைப் பார்த்தால், மாற்றம் இளையவர்களுக்கு மட்டும் உரியது இல்லை என்பது தெரியும். மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி 1999-2000-ல் நகரக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 48 சதவீதம். 2022-23-ல் அது 39 சதவீதமாக இறங்கியது. கிராமத்தில் 59-லிருந்து 46-க்கு. அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு நகரக் குடும்பங்கள் செலவிடுவது 12 சதவீதத்திலிருந்து நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதே உணவுக் கணக்கில் பானங்களும் தயார் உணவுகளும் பத்து சதவீதத்தைத் தாண்டி முதலிடத்தில் நிற்கின்றன. அந்தக் கணக்கெடுப்பு குடும்பத்தை அலகாகக் கொண்டது. அப்பா தின்ற பஜ்ஜியையும் மகன் வரவழைத்த பீட்சாவையும் பிரித்துச் சொல்லாது. ஆகவே ‘இளைஞர்கள் இத்தனை சதவீதம் வெளியே சாப்பிடுகிறார்கள்’ என்று யாராவது இதைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். நிறுவனங்கள் தங்கள் செயலியைப் பயன்படுத்துபவர்களிடம் மட்டும் கேட்டு வெளியிடும் ஆய்வுகளையும் நான் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. ‘இந்தத் தலைமுறை பொருளைவிட அனுபவத்தை விரும்புகிறது’ என்ற பேச்சும் அங்கிருந்து வந்ததுதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையனுக்கும், மழையில் உணவு கொண்டுபோகும் பையனுக்கும் போனும் பைக்கும் தொழில் கருவிகள். அவன் தவணையை ஆசைக் கணக்கில் எழுத முடியாது.

இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வாங்கிய கடனைக் கழித்த பிறகு நிற்கும் பணச் சேமிப்பு, 2022-23-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்து சதவீதம் அளவுக்கு இறங்கியது உண்மை. கொரோனா ஆண்டான 2020-21-ல் அது பதினொன்றுக்கு மேல் இருந்தது. சேமிப்பு இறங்கியதற்கு நிதி அமைச்சகம், மக்கள் கடன் வாங்கி வீடும் வண்டியும் வாங்குகிறார்கள், அதுவும் சொத்துதான் என்று விளக்கம் சொன்னது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி அடமானமில்லாத நுகர்வுக் கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்டியது. அந்தக் கடன்கள் வேகமாகப் பெருகுவதைப் பார்த்துக் கவலைப்படாமல் அப்படிச் செய்யமாட்டார்கள். கடன் மேசையில் இருந்த எங்களுக்கு அது ஆச்சரியமாக இல்லை.

பிள்ளைகள் சேமிப்பதே இல்லை என்பதும் சரியில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு எஸ்ஐபி மூலம் வரும் பணம் 2016-17-ல் ஓராண்டு முழுவதற்கும் சுமார் 44 ஆயிரம் கோடி. 2024 அக்டோபரில் ஒரே மாதத்தில் 25 ஆயிரம் கோடியைத் தாண்டியது. இதில் இளையவர்கள் நிறையப் பேர், என்னிடம் வந்த பிள்ளைகளிலும் ஆர்டி வைத்திருந்தவரைவிட எஸ்ஐபி வைத்திருந்தவர் அதிகம். இது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே செல்போனில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. பங்குச் சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இந்த வர்த்தகம் செய்பவர்களில் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-லிருந்து 43 சதவீதமாக ஏறியிருக்கிறது. பிரியாணிக்குப் போகும் பணத்தை நினைத்து நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. இதை நினைத்துக் கெட்டிருக்கிறேன். பர்சனல் லோன் வாங்கி ஆப்ஷன்ஸில் விட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்ல முடியாமல் என் எதிரில் உட்கார்ந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஸ்டேட்மென்ட்டில் ஓட்டல் செலவே இருக்காது, பார்த்தால் சிக்கனமான பிள்ளை மாதிரித் தெரியும்.

நம் தலைமுறையும் செலவு செய்தது, பெரிய பெரிய தொகையாக, அதற்குச் செலவு என்று பெயர் வைக்காமல். கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, சீர் வரிசை. நகை எடுத்தால் அது சேமிப்பு என்றோம், அதிலும் செய்கூலியும் சேதாரமும் செலவுதான். மகன் 200 ரூபாய் காபி குடித்தால் நமக்குப் பொறுக்கவில்லை, ஆயிரம் பேருக்கு இலை போட்டால் மனம் நிறைகிறது. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இரண்டும் செலவு என்று மட்டும் சொல்வேன். நகையிலேயே இன்னொன்றையும் பாருங்கள். 1988-ல் ஒரு சவரன் சுமார் 2,500 ரூபாய், என் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் சவரன் வரும். 2025 அக்டோபரில் சென்னையில் சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த விலைக்கு உங்கள் மகன் ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் அரைச் சவரன்தான். நாம் போன வழியில் அவன் போகவில்லை என்று சொல்வதற்கு முன், அந்த வழி இன்று எத்தனை செங்குத்தாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆனால் ஓய்வுக்காலத்தை நினைத்தால் அவன் நம்மைவிட அதிகமாகச் சேமிக்க வேண்டியவன். நீங்கள் 1992-ல் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கே அது மாறிவிட்டது. அவனோ தனியார் ஊழியர். இபிஎஃப் (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) ஓய்வூதியத் திட்டத்தில் 15,000 ரூபாய் சம்பள வரம்பை வைத்துக் கணக்கிட்டால், 35 ஆண்டு வேலை பார்த்தாலும் மாதம் எட்டாயிரம் ரூபாயைத் தாண்டாது. இதை அவனிடம் பயமுறுத்தும் தொனியில் சொல்லாதீர்கள், பிஎஃப் பணத்தை வேலை மாறும்போதெல்லாம் எடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லுங்கள். நிறையப் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, பயப்பட வேண்டுமா என்பது. ‘என்ன வாங்கினாய்?’ என்று அவனிடம் கேட்காதீர்கள், கேட்டால் மறைப்பான். ‘ஐந்தாம் தேதி உன் கையில் எவ்வளவு மிச்சம்?’ என்று கேளுங்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தும் இருபதாம் தேதி பணம் கேட்கிறான் என்றால் அது அன்றாடச் செலவுப் பழக்கம், பேசித் திருத்திவிடலாம், அதை நினைத்து நான் பயப்படமாட்டேன். ஐந்தாம் தேதியே பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் கடன்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுத வேண்டும். கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறான் என்றாலோ, போன் செயலிகளில் கடன் வாங்கியிருக்கிறான் என்றாலோ, அந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவன் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்பது அந்த ஒரே தாளில் தெரிந்துவிடும். அவனையே எடுக்கச் சொல்லி, அவனோடு சேர்ந்து பாருங்கள்.

நான் சொன்ன அந்தப் பையன் விஷயத்தில் நாங்கள் செய்தது மிக எளிய வேலை. கார்டில் மொத்தப் பாக்கி 68 ஆயிரம், 42 சதவீத வட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அம்மாவின் லாக்கரில் போடாமல் கிடந்த செயின் ஒன்று இருந்தது. வங்கி நகைக் கடன் வட்டி கார்டு வட்டியில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளை அத்தனை வட்டி கட்டும்போது நகை லாக்கரில் தூங்கிக்கொண்டிருந்தது, ஏனென்றால் இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மா முதலில் தயங்கினார், அடகு என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை. கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு அவரே கிளைக்கு வந்தார். கார்டு பாக்கியை அன்றே அடைத்து, கார்டின் வரம்பை இருபதாயிரமாகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். நகைக் கடனை மாதம் ஆறாயிரமாக ஓராண்டில் கட்டி மீட்டான். அந்த ஆறாயிரம் இப்போது ஆர்டிக்குப் போகிறது. எஸ்ஐபியில் போட்டால் இன்னும் அதிகம் வரலாம் என்றேன். ‘இல்ல மேடம், கொஞ்ச நாள் இதுல இருக்கட்டும், இது எவ்வளவு வரும்னு முன்னாடியே தெரியுது’ என்றான்.

உங்கள் மகனிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவன் சொல்லும் தொகையையும், ஐந்தாம் தேதிக்குள் போகும் தவணைகள் எவையெவை என்பதையும் இங்கேயே எழுதுங்கள். பெயர், வங்கி, கணக்கு எண் எதுவும் வேண்டாம். தொகைகள் போதும், முதலில் எதை அடைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.